புதன்கிழமைப் பக்கம்

கடலூர்
8.6.2008

இல்லை அண்ணி, பசி அப்படியொன்றும் பெரிய விஷயமாக இல்லை. எழுதுவதுதான் கஷ்டமாக இருக்கிறது.

டயட்டீஷியன் பிரிசில்லா மேடம் சொன்னபடி நோட்டு ஒன்று வாங்கினேன். கோடு போட்டது. பக்கத்துக்கு நான்கு கட்டம்: காலை, மதியம், மாலை, இரவு. வாயில் எது போனாலும் போன உடனே எழுத வேண்டுமாம். படுக்கும்போது ஞாபகப்படுத்தி எழுதக் கூடாதாம். கோர்ட்டில் நகல் பிரிவில் வேலை செய்கிறேன் என்றதும் சிரித்தார்கள். "அப்ப உங்களுக்கு ஈசிதான். இருக்கறத இருக்கறபடி எழுதிடுவீங்க."

முதல் வாரப் பக்கங்களை ஜெராக்ஸ் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். அண்ணனை டயாலிசிஸுக்கு அழைத்துப் போகும்போது மேடத்திடம் கொடுத்துவிடுங்கள். அதே ஆஸ்பத்திரிதான். கீழ்த்தளம், மருந்து கொடுக்கும் ஜன்னலுக்கு அடுத்த அறை.

எடை எண்பத்தாறு. எழுபத்துநான்குக்குக் கீழே வந்தால்தான் என் கிட்னியை எடுப்போம் என்று சென்னையில் சொல்லியிருக்கிறார்கள். பன்னிரண்டு கிலோ. டிசம்பர் வரை நேரம். எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். எழுதிப் பார்த்தால் எனக்கு நடக்கிறது போல இல்லை. அது வசதியாக இருக்கிறது.

போனை ஏன் எடுப்பதில்லை என்று கேட்டனுப்பியிருந்தீர்கள். கோபம் இல்லை. போனில் உங்கள் குரலுக்குப் பின்னால் உங்கள் அம்மாவின் குரலும் கேட்கிறது. அன்று உங்கள் வீட்டில் அவர் பேசியபோது, நான் சமையல்கட்டில்தான் இருந்தேன். "அவளுக்கென்னா, புருஷனா புள்ளையா. ஒன்னு போனா இன்னொன்னு இருக்குது." காபி டம்ளர் கழுவிக்கொண்டிருந்தேன். கழுவி முடித்துக் கவிழ்த்து வைத்தேன்.

கடிதத்தில் உங்கள் குரல் மட்டும் வரும்.

சிந்துஜாவையும் சின்னவனையும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

இளவரசி


சிதம்பரம்
15.6.2008

இளவரசிக்கு,

உன் கடிதத்தை ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து படித்தேன். நான் கடிதம் எழுதிப் பத்து வருஷம் இருக்கும். எம்.ஏ. படித்தவளுக்கு எழுதுகிறோமே என்று கூச்சமாக இருக்கிறது. தப்பு இருந்தால் சிரிக்காதே.

அம்மா பேசியது தப்புதான். அம்மாவுக்குப் பயம். முப்பத்தேழு வயதில் மகள் தாலியை இழந்துவிடுவாளோ என்று பயம். பயத்தில் வாய் என்ன வேண்டுமானாலும் பேசும். நான் அப்போதே அதட்டினேன். அது உனக்குக் கேட்டிருக்காது. மெதுவாகத்தான் அதட்டினேன்.

உங்கண்ணன் அப்படியே இருக்கிறார். செவ்வாயும் வெள்ளியும் நான்கு மணி நேரம் மெஷின். உப்பு கூடாது, வாழைப்பழம் கூடாது, தக்காளி கூடாது, இளநீரைக் கண்ணால் பார்க்கக் கூடாது. தண்ணீருக்கும் அளவு. ஐஸ் கட்டியை வாயில் அடக்கிக்கொண்டு டிவி பார்க்கிறார். கிண்டல் மட்டும் குறையவில்லை. "என்னா சிவகாமி, இங்க நானு டயட்டு, அங்க பாப்பா டயட்டு. ரெண்டு பேர் மிச்சம் வெக்கிறதும் ஒன்கிட்டதான் சேருது போலருக்குது" என்கிறார். சிரித்துவிட்டு பாத்ரூமுக்குப் போய் அழுதேன்.

தில்லைக் காளிக்கு வேண்டிக்கொண்டிருக்கிறேன். டிசம்பர் வரைக்கும் செவ்வாய்க்கிழமை தோறும் நெய் விட்டுச் சர்க்கரைப் பொங்கல் படைக்கிறேன் என்று. அவர் அதை நாக்கில் வைக்க முடியாது. பிள்ளைகளுக்கு இரண்டே வாரத்தில் திகட்டிவிட்டது. பிரசாதம் உனக்குத்தானே முதலில் சேர வேண்டும்? உங்கள் ஆபீஸ் சபாபதி அண்ணன் தினமும் இங்கிருந்துதானே வேலைக்கு வருகிறார், புதன்கிழமை காலையில் அவரிடம் டப்பா கொடுத்துவிடுகிறேன். கடிதம் மட்டும் தபாலில்தான். அவரிடம் கொடுத்தால் பிரித்துப் படித்துவிட்டுக் கோர்ட் முழுக்கச் சொல்லிவிடுவார்.

நன்றி என்று எழுதத் தெரியவில்லை. எழுதினால் சின்னதாகிவிடும் போல இருக்கிறது.

அண்ணி
சிவகாமி


கடலூர்
27.7.2008

அண்ணி,

எண்பத்திரண்டு புள்ளி இரண்டு.

காலை ஐந்தரைக்கு பீச் ரோட்டில் நடக்கிறேன். போகும்போது நாற்பது நிமிஷம், வரும்போது நாற்பது. கடல் எதிரே வருகிறது. பிறகு திரும்பிவிடுகிறேன். எதுவும் தோன்றுவதில்லை. அது நல்லதா கெட்டதா என்று தெரியவில்லை.

டப்பா ஒழுங்காக வருகிறது. சபாபதி அண்ணன் வாசலிலேயே கத்துவார். "யம்மா எளவரசி, ஒங்கண்ணி குடுத்துச்சு. நெய்யி ஒழுவுது, பைய நேரா புடி. பஸ்ஸுல எம்மடியிலியே வெச்சிக்கினு வந்தேன், வேட்டியெல்லாம் கோயிலு வாசன." பிறகு என்னை மேலும் கீழும் பார்த்து, "கல்யாணம் ஏதும் கூடிவருதா, இப்டி எளைக்கிற?" என்பார். ஆமாம் என்றேன் ஒரு நாள். மாப்பிள்ளைக்கு எந்த ஊர் என்றார். சிதம்பரம் என்றேன். யோசித்துக்கொண்டே போனார்.

ஆபீசில் யாருக்கும் தெரியாது. தெரிந்தால் எல்லோரும் என்னைத் தெய்வம் என்று சொல்வார்கள். அதற்கு என்ன முகம் வைத்துக்கொள்வது?

ஆடி மாதம். எங்கள் தெருவிலேயே மூன்று இடத்தில் கூழ் ஊற்றுகிறார்கள்.

பக்கங்கள் இதோடு.

இளவரசி


சிதம்பரம்
17.8.2008

இளவரசி,

மூன்று வாரமாக எண்பத்திரண்டிலேயே நிற்கிறது. போன வாரம் ஐம்பது கிராம் ஏறியும் இருக்கிறது.

இங்கே நிலைமை உனக்குத் தெரியாது. சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை உங்கண்ணனுக்கு மூச்சு வாங்கியது. படுக்க முடியவில்லை. நுரையீரலில் தண்ணீர் ஏறிவிட்டது என்று இரண்டு நாள் உள்ளே வைத்தார்கள். சின்னவன், "அப்பா ஏன் ஒக்காந்துனே தூங்குறாரு?" என்று கேட்கிறான்.

உன் பக்கங்களை மேடத்திடம் கொடுத்தபோது ஒன்று கேட்டார்கள். "ஏங்க, மத்த நாள்லலாம் ஒரு பிஸ்கட்டு, ஒரு வடைன்னு ஏதாவது இருக்குது. புதன்கிழமை பக்கம் மட்டும் எப்படிங்க இவ்ளோ சுத்தமா இருக்குது? ரெண்டு இட்லி, ஒரு கப் சோறு, ரெண்டு சப்பாத்தி. வாராவாரம் அதே. அவங்க அன்னைக்குக் கோயிலுக்கு ஏதும் போறாங்களா?" எனக்கு முதலில் புரியவில்லை. படியேறி உங்கண்ணன் படுக்கைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்த பிறகுதான் புரிந்தது. புதன்கிழமை.

நீ அதை எழுதவில்லை. ஒரு தடவைகூட எழுதவில்லை.

சாப்பிடாதே என்று நான் சொல்லவில்லை. நான்தான் அனுப்பினேன், என் புத்தியும் புல் மேயப் போயிருந்தது. ஆனால் ஏன் எழுதவில்லை? மறந்துவிட்டாய் என்று சொல், நம்புகிறேன். உனக்கு இஷ்டமில்லை என்றால் அதையாவது வாயைத் திறந்து சொல். இப்படி எங்களை வாசலில் நிறுத்திவைக்காதே.

கோபத்தில் எழுதுகிறேன். கிழித்துப் போடாமல் அனுப்புகிறேன்.

சிவகாமி


கடலூர்
24.8.2008

அண்ணி,

மறக்கவில்லை.

முதல் புதன்கிழமை உண்மையாகவே தோன்றவில்லை. பிரசாதத்தைச் சாப்பாடு என்று யாராவது கணக்கில் எடுப்பார்களா? விரதத்தன்றுகூட ஒரு வாய் பிரசாதம் சாப்பிட்டால் விரதம் கெடாது என்றுதான் நம் வீடுகளில் வளர்ந்தோம். ஆடிக் கூழையும் எழுதவில்லை. நான்கு கட்டத்தில் சாமிக்கு என்று ஒரு கட்டம் இல்லை. மேடம் வேதக்காரர், சர்ச்சுக்குப் போகிறவர். அவருக்குத் தோன்றிய கேள்வி எனக்குத் தோன்றவில்லை.

மூன்றாவது புதன்கிழமை தோன்றியது. பேனாவைத் திறந்தேன். மூடினேன்.

டப்பா மூன்று பேர் சாப்பிடும் அளவு. நான் யாருக்கும் கொடுக்கவில்லை. பழைய கேஸ் கட்டுகள் அடுக்கியிருக்கும் அறைக்குப் போய், கதவைச் சாத்தி, நின்றுகொண்டே தின்றேன். ருசி தெரியவில்லை. முந்திரி பல்லில் பட்டபோது முந்திரி என்று தெரிந்தது. அவ்வளவுதான். கை கழுவி வந்து உட்கார்ந்து அடுத்தவர்களின் வாக்குமூலத்தை ஒரு எழுத்து மாறாமல் டைப் அடித்தேன்.

அதன் பிறகு ஒவ்வொரு புதன்கிழமையும் தெரிந்தேதான். எடை குறையவில்லை என்றால் நான் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. டாக்டர் சொல்லிவிடுவார். நான் முயற்சி செய்தவளாக இருப்பேன்.

நீங்கள் இஷ்டமில்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். மார்ச்சிலிருந்து என்னை யாராவது கேட்பது இதுதான் முதல் தடவை. அதுவும் கோபத்தில்.

மார்ச்சில் அன்று டாக்டர் அறையில் என்ன நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். "கூடப் பொறந்தவங்க யாரு?" என்றார். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். உங்கள் அம்மா என்னைப் பார்த்தார். அண்ணன் மின்விசிறியைப் பார்த்தார். நான் தலையாட்டினேனா? ஞாபகமில்லை. நர்ஸ் என் கையைத் தட்டி நரம்பு தேடிக்கொண்டிருந்தது மட்டும் ஞாபகமிருக்கிறது.

அண்ணன்மேல் எனக்குப் பாசம் இல்லாமல் இல்லை. அதை எங்கே தொட்டுப் பார்ப்பது என்று தெரியவில்லை. கை மரத்துப்போனால் கை இருக்கிறது, இல்லையா, அது போல.

இனிமேல் எல்லாவற்றையும் எழுதுகிறேன். எடையையும் குறைக்கிறேன்.

ஒன்று கேட்க வேண்டும். உங்கள் ரத்தம் என்ன குரூப்?

இளவரசி


சிதம்பரம்
2.9.2008

இளவரசிக்கு,

இனி டப்பா வராது. காளியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வேண்டுதலை எலுமிச்சை மாலையாக மாற்றிக்கொண்டேன். அர்ச்சகர், "அப்படி நடுவுல மாத்தலாமாம்மா?" என்றார். மாற்றித்தான் ஆக வேண்டும் என்றேன். காரணம் சொல்லவில்லை. என்னவென்று சொல்வேன்? நானே என் கையால் கெடுத்தேன் என்றா?

உங்கண்ணனிடம் எதையும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை மெஷினில் நடுக்கம் வந்துவிட்டது, பாதியில் நிறுத்திவிட்டார்கள்.

எடையைப் பார். மற்றதைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

சிவகாமி


கடலூர்
12.10.2008

அண்ணி,

நான் கேட்டதற்குப் பதில் இல்லை. மறுபடி கேட்கப் போவதில்லை.

பக்கங்கள் ஜெராக்ஸ் தெளிவாக விழவில்லை. சிலவற்றைக் கையால் எழுதுகிறேன். மேடத்திடம் கொடுத்துவிடுங்கள்.

6.10 திங்கள். காலை: இட்லி இரண்டு, சாம்பார். பதினொன்றுக்கு டீ, சர்க்கரை இல்லாமல். மதியம்: சோறு ஒரு கப், முருங்கைக் கீரை, மோர். மாலை: ஒன்றுமில்லை. இரவு: கேழ்வரகு அடை ஒன்று. பசி இருந்தது. பசியை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

7.10 செவ்வாய். நாளை ஆயுத பூஜை லீவு என்பதால் இன்றே ஆபீசில் படையல். பொரி இரண்டு கை, சுண்டல் ஒரு கை, பொட்டுக்கடலை, வெல்லம் ஒரு துண்டு. வெல்லம் எலுமிச்சை அளவு இல்லை, நெல்லிக்காய் அளவு. சபாபதி, "சாமி பொரியக்கூடவா எழுதுவ?" என்றார். "சாமி ஒன்னும் சொல்லாது, எட மெஷினு சொல்லிடும்" என்றேன். அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். ஜூனுக்குப் பிறகு சிரித்தது இதுதான் என்று நினைக்கிறேன். அதையும் எழுதியிருக்கிறேன், ஓரத்தில்.

9.10 வியாழன். நடந்து வரும்போது முட்டி வலிக்கவில்லை. ஐந்து வருஷமாக வலித்தது. நின்று பார்த்தேன். வலிக்கவில்லை.

11.10 சனி. மதியம் பக்கத்து வீட்டில் கொடுத்த மீன் குழம்பு. வஞ்சிரம் ஒரு துண்டு. ருசி தெரிந்தது.

எழுபத்தேழு புள்ளி எட்டு.

இளவரசி


சிதம்பரம்
2.11.2008

இளவரசி,

ஓ பாசிட்டிவ்.

சின்னவன் பிறந்தபோது ஆஸ்பத்திரியில் கொடுத்த அட்டையில் இருக்கிறது. நீ கேட்டு எழுதிய கடிதம் வந்த அன்றே பீரோவில் புடவைக்கு அடியிலிருந்து எடுத்துப் பார்த்தேன். பார்க்காமலே தெரியும். எனக்கும் உனக்கும் உங்கண்ணனுக்கும் ஒரே குரூப்.

நான் யாரிடமும் பொய் சொல்லவில்லை. டாக்டர் கூடப் பிறந்தவங்க யாரு என்றார், நான் கூடப் பிறந்தவள் இல்லையே. வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அம்மா என் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். வெளியே வந்ததும், "ரெண்டு புள்ளய வெச்சிருக்கிறவ நீ. ஒனக்கு ஒன்னுன்னா யாரு பாப்பா? வாயத் தொறந்த, நான் உசுரோட இருக்க மாட்டேன்" என்றாள். பிள்ளைகளை நினைத்துக்கொண்டேன். அது நியாயம் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். இன்றைக்கும் நினைக்கிறேன். அந்த நியாயத்துக்கு அந்தப் பக்கம் நீ நின்றுகொண்டிருந்ததைப் பார்க்கவில்லை என்று எழுத வந்தேன். அது பொய். பார்த்தேன். பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இதைப் படித்துவிட்டு நீ என்ன முடிவெடுப்பாய் என்று தெரியாது. எழுதாமல் இருந்தால் காரியம் நடந்துவிடும் என்றும் தெரியும். இரண்டு மாதம் அப்படித்தான் இருந்தேன். நீ பொரியைக்கூட எழுதி அனுப்பினாய். அதை மேடத்திடம் நான்தான் படித்துக் காட்டினேன். அதற்குப் பிறகு இருக்க முடியவில்லை.

தீபாவளிக்கு உங்கண்ணன் ஒரே ஒரு அதிரசம் கேட்டார். கால் துண்டு கொடுத்தேன். வாயில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் முழுங்கவே இல்லை.

டிசம்பர் ஒன்பதாம் தேதி, செவ்வாய், உன்னை மட்டும் தனியாக வரச் சொல்லிச் சென்னை ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. இதோடு வைத்திருக்கிறேன். அன்றைக்கு இங்கே இவருக்கு மெஷின். நான் கூட வர முடியாது. கூட வரக் கூடாது என்றும் அதில் போட்டிருக்கிறது.

சிவகாமி


கடலூர்
10.12.2008

அண்ணி,

நேற்றே அண்ணன் உங்களிடம் சொல்லியிருப்பார். என் கையால் எழுத வேண்டும் என்று இது.

அதிகாலை பஸ்ஸில் சென்னைக்குப் போனேன். வழியெல்லாம் மழைத் தண்ணீர் இன்னும் வடியவில்லை. முதலில் எடை பார்த்தார்கள். எழுபத்துமூன்று புள்ளி ஆறு. அவர்கள் மெஷின், அவர்கள் கண். நர்ஸ், "சூப்பர்மா" என்றது. பிறகு ஒரு டாக்டரம்மா அறையில் என்னை மட்டும் உட்காரவைத்தார்கள். கதவைச் சாத்தினார்கள்.

யாராவது கட்டாயப்படுத்தினார்களா என்றார். இல்லை என்றேன். பணம் ஏதாவது தருவதாகச் சொன்னார்களா என்றார். இல்லை என்றேன். "அப்ப இது முழுக்க உங்க விருப்பம், இல்லையா?" என்றார். ஏசி சத்தம் கேட்டது. அவர் பேனாவை மேசைமேல் வைத்தார்.

"வேணாம்னா சொல்லிடுங்கம்மா. எடை சரியா வரலைன்னு எழுதி அனுப்பிடுறோம். வீட்ல யாருக்கும் தெரியவேண்டியதில்ல. நெறைய பேருக்கு அப்படித்தான் எழுதறோம்."

ஜூலையில் இதைச் சொல்லியிருந்தால் அவர் காலில் விழுந்திருப்பேன்.

"எடை சரியா இருக்குது" என்றேன். "எனக்கு விருப்பமில்லைன்னே எழுதுங்க."

நிச்சயமாகவா என்று இரண்டு தடவை கேட்டார். காரணம் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லத் தெரிந்திருக்காது. உங்களுக்கு மட்டும் முயற்சி செய்கிறேன். பயம் கொஞ்சம். உங்கள் அம்மா சொன்னது கொஞ்சம். உங்கள் குரூப் காரணமில்லை, அதை நம்புங்கள். உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே முடிவு செய்துவிட்டேன். ஆறு மாதமாக இந்த உடம்புக்குள் போவதையெல்லாம் எழுதினேன். பசித்ததா, வலித்ததா, ருசித்ததா என்று. அதற்கு முன்னால் இதை நான் ஏறிட்டுப் பார்த்ததில்லை. எழுத எழுத இது எனக்குத் தெரிந்த ஒருத்தியாகிவிட்டது. அவளைக் கேட்டேன். அவள் மாட்டேன் என்றாள்.

பிறகு ஏன் கடைசி வரை எடையைக் குறைத்தாய் என்று நீங்கள் கேட்கலாம். குண்டாக இருந்ததால் கொடுக்க முடியவில்லை என்று யாரும் சொல்லக் கூடாது. நான்தான் கொடுக்கவில்லை.

உங்களைப் பற்றி அங்கே ஒரு வார்த்தையும் பேசவில்லை. இறந்தவர்களிடமிருந்து எடுத்துக் கொடுக்கிற பட்டியல் ஒன்று இருக்கிறதாம், அண்ணன் பெயரைப் பதிந்து வைக்கலாம் என்றார்கள். படிவம் வாங்கி வந்து அண்ணன் தலையணைக்குக் கீழே வைத்திருக்கிறேன்.

அங்கிருந்து கிளம்பிய பஸ் கடலூரில் நின்றபோது நான் இறங்கவில்லை. கண்டக்டரிடம் சிதம்பரத்துக்கு டிக்கெட் கேட்டேன். ஆஸ்பத்திரிக்கு வந்தபோது ஆறு மணி இருக்கும். நீங்கள் பிள்ளைகளைப் பார்க்க வீட்டுக்குப் போயிருந்தீர்கள்.

அண்ணன் மெஷினோடு படுத்திருந்தார். என்னைப் பார்த்ததும், "என்னா பாப்பா, இப்டி எளச்சிப் போயிட்ட" என்றார்.

"சென்னைக்குப் போயிட்டு வரேண்ணே."

"என்னா சொன்னாங்க?"

"அவங்க ஒன்னும் சொல்லல. நான்தான் சொன்னேன். குடுக்கலன்னு."

மெஷினில் ரத்தம் சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு குழாயில் போய் இன்னொன்றில் வந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எடையா?"

"எடை சரியாயிடுச்சிண்ணே."

"ம். நான் ஒரு வார்த்த கேட்டிருந்தா குடுத்திருப்பியா?" என்றார்.

"தெரியலண்ணே."

தலையாட்டினார். கோபமாகத் தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்று எழுந்தேன். கண்ணைத் திறக்காமலே, கீழே கேன்டீனில் டீ வாங்கி வரச் சொன்னார். அரை டம்ளர் போதும் என்றார்.

வாங்கி வந்து கொடுத்தேன். குடித்து முடிக்கும் வரை டம்ளரைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஏழரைக்குக் கடலூர் பஸ் ஏறினேன்.

இளவரசி